பக்கத்து வீட்டிலிருந்து புகை விடுகிறார்கள் என்கிறார் அப்பா

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம். அப்பாவுக்கு 63 வயது, கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், காது கொஞ்சம் மந்தம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் பொதுச்சுவரை ஒட்டி பாத்ரூம் கட்டி, குழாயை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார். அவர் எங்களுக்குச் சொக்காரர், பங்காளி முறைதான். அதில் சண்டை வந்தது. அப்புறம் அப்பா, அந்தக் குழாய் வழியாக ராத்திரி மருந்துப் புகை விடுகிறார்கள், தன்னைக் கோட்டியாக்கி வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். ஜன்னல் இடுக்கையெல்லாம் எம்சீல் வைத்து அடைத்துவிட்டு தார்சாவில் படுக்கிறார். தூக்கமே இல்லை. திங்கள்கிழமையானால் கலெக்டர் ஆபீஸில் மனு. கேமரா வைத்துக் காட்டினோம். “கேமரா எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்லா” என்கிறார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவு. கோயில் கொடைக் கணக்கு இன்றும் அவர் கையில்தான், பைசா பிசகாது. அம்மா குறி கேட்கப் போனாள், வடக்கே இருந்து செய்வினை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அம்மாவும் சில நாள் வாடை வருகிறது என்கிறாள். தெரிந்த மெடிக்கல் கடைக்காரர் ஒரு மாத்திரை தருகிறேன், காப்பியில் பொடித்துப் போட்டால் தெரியாது என்கிறார். சித்தப்பா, எங்காவது கோயிலில் கொண்டுபோய் விடுவோம் என்கிறார். தங்கைக்குத் தையில் கல்யாணம், அது முடியட்டும் என்கிறாள் அம்மா. போன வாரத்திலிருந்து அப்பா தலைமாட்டில் அரிவாள் வைத்துப் படுக்கிறார். இது பரம்பரையாக வருமா?

– கோவையில் வேலை பார்க்கும் மகன்

பதில்: தம்பி, அரிவாள் விஷயத்தைக் கடிதத்தின் அடியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் அரிவாள் இல்லாத வீடு கிடையாது. தேங்காய் வெட்ட, வேலி கழிக்க எல்லாவற்றுக்கும் வேண்டும். அடுப்படி மூலையில் கிடக்கும்வரை அதில் பயமில்லை, தலைமாட்டுக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆள்மேல் சந்தேகம், மாதக்கணக்காகத் தூக்கமில்லை, கையெட்டும் தூரத்தில் ஆயுதம் என்று சேர்ந்து வந்தால் நாங்கள் பொறுத்திருந்து பார்ப்பதில்லை. குடியும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. நீங்கள் குடி பற்றி எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இந்த வாரமே லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். போனில் ஆகிற காரியம் இல்லை இது. அரிவாளைப் பிடுங்க வேண்டாம், அவர் அசந்த நேரம் பார்த்து ஒளித்து வைக்கவும் வேண்டாம். அவர் அமைதியாக இருக்கும் பகல் நேரத்தில், “அப்பா, இது தலைமாட்டுல கெடக்கது எங்களுக்குப் பயமா இருக்கு, உள்ள வச்சிருவோம்” என்று உங்கள் பயத்தைச் சொல்லிக் கேளுங்கள். பலர் இதற்கே இறங்கி வருவார்கள். அப்புறம் அதையும் வீட்டிலுள்ள மற்ற அரிவாள்களையும் வெளியே ஓர் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து இருந்தால் அதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு வருடமாக ஒருவனோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன மனிதர் எந்த நேரத்தில் தன்மேலேயே திரும்புவார் என்று சொல்ல முடியாது. அவர் அரிவாளோடு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாலோ, ‘இன்னைக்கு ஒரு முடிவு கட்டுதேன்’ என்பது போலப் பேசினாலோ நீங்கள் குறுக்கே போய் நிற்காதீர்கள். 112-க்கு அடியுங்கள், மனநோய்க்கான அவசரம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.

சரி, இது என்ன நோய்? நேரில் பார்க்காமல் நோயின் பெயரை நான் முடிவு செய்ய மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டெல்யூஷனல் டிஸார்டர், அதாவது மருட்சிக் கோளாறு போலத் தெரிகிறது. ஊரில் சந்தேக நோய் என்பார்கள். ஆதாரம் எதைக் காட்டினாலும் அசையாத ஒரு தவறான நம்பிக்கை மனதில் ஊன்றிவிடும். அந்த ஒன்றைத் தவிர மற்றதில் ஆள் தெளிவாக இருப்பார். உங்கள் அப்பா கொடைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் ஊரில் யாரும் இதை நோய் என்று நம்புவதில்லை. தனக்குத்தானே பேசுவது, கேட்காத குரல் கேட்பது, பேச்சு குழம்புவது, குளிக்காமல் கொள்ளாமல் கிடப்பது இவையெல்லாம் இருந்தால் அது ஸ்கிசோஃப்ரீனியா பக்கம் போகும். இங்கே அது இல்லை. நம்பிக்கையை ஒட்டிய வாடை மட்டும் வருவது இந்த நோயில் உண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது 1 மாதமாவது நீடிக்க வேண்டும் என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 3 மாதம் என்கிறது. உங்கள் வீட்டில் 2 வருடம் ஓடிவிட்டது. வாழ்நாளில் 1000 பேரில் சுமார் 2 பேருக்கு வரும் நோய், பெரும்பாலும் நடுவயதிலோ அதற்கு மேலோ தொடங்கும். எல்லாருக்கும் ஒரே சந்தேகம் வருவதில்லை. மனைவிக்கு வேறு ஆளோடு தொடர்பு என்பார் ஒருவர். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று அதைத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டு வருவார் இன்னொருவர். பெரிய இடத்து மனிதர் ஒருவர் தன்னைக் காதலிப்பதாக நம்புகிறவர்களும் உண்டு. ஆனால் இருப்பதிலேயே அதிகம், தனக்கு யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்கிற வகைதான்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம். எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று குறித்துக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது வேண்டாத இடத்தில் குறி போட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம், எதிரே வந்தவர் செருமியது எல்லாம் நம்மை வைத்துத்தான் நடக்கிறது என்று படும். ஏதோ நடக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்கிற அந்தத் தவிப்பு தாங்க முடியாதது. ‘புகை விடுகிறான்’ என்று ஒரு விளக்கம் கிடைத்ததும் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். காது மந்தமானவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் பாதி கேட்ட பேச்சை மீதி சந்தேகம் நிரப்பும். உங்கள் அப்பா விஷயத்தில் குழாய்ச் சண்டை நிஜம். சொத்துக்காகச் சொக்காரன் சொக்காரனுக்குக் குழி பறிப்பது நம் ஊரில் நடக்காததும் இல்லை. நிஜமான ஒரு சண்டைமேல் ஏறி உட்கார்ந்த நோய் என்பதால்தான் இத்தனை நாள் யாருக்கும் பிடிபடவில்லை.

செய்வினை பற்றி ஒரு வார்த்தை. செய்வினையை நம்புவது மட்டும் நோயாகாது. ஊரே நம்புகிற ஒன்றை ஒருவர் நம்புவதை நாங்கள் மருட்சி என்று எழுதுவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கே ‘இவரு சொல்லுதது கூடுதலா இருக்கே’ என்று பட வேண்டும். அம்மா சொரிமுத்தையனாருக்கு நேர்ந்துகொள்ளட்டும், சுடலைக்குப் பொங்கல் வைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திசை காட்டிக் குறி சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். சந்தேக நோயாளி ஒருவரின் வீட்டாரிடம் ‘வடக்கே இருந்து’ என்று சொல்லி அனுப்பியவருக்கு, வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டாமா?

சித்தப்பா பேச்சைக் கேட்க வேண்டாம். எங்காவது கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் வருட மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

இனி அவரிடம் எப்படிப் பேசுவது என்பது. நீங்கள் கேமரா வைத்தது எல்லாக் குடும்பமும் செய்கிற காரியம்தான். ஆனால் ஆதாரம் காட்டக் காட்ட நம்பிக்கை இறுகும், காட்டியவரும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். அதற்காக ‘ஆமாப்பா, எனக்கும் வாடை வருது’ என்று தலையாட்டினால் அது இன்னும் பெரிய தவறு. இரண்டுக்கும் நடுவே நிற்கப் பழக வேண்டும். அவர் நேராகக் கேட்பார்: “ஏலே, ஒனக்கு வாடை வருதா, இல்லயா?” நீங்கள் இப்படிச் சொல்லலாம்: “எனக்கு வரலப்பா. ஒங்களுக்கு வருதுன்னு தெரியுது. அதனால ராத்திரி பூரா முழிச்சே கெடக்கிய, அதான் எனக்குப் பெருசா இருக்கு.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடை இருக்கிறதா இல்லையா என்பதில் அவரை நீங்கள் ஜெயிக்க முடியாது. தூக்கமில்லை என்பதில் அவருக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும் வழியும் அதுதான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் காரில் ஏற்றாதீர்கள். இறங்கும்போது போர்டைப் பார்த்தால் அந்த நிமிடமே உங்கள்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். “நா என்ன கோட்டியா, மூளை டாக்டர்ட்ட வாறதுக்கு?” என்று கேட்டால், “கோட்டின்னு யாரு சொன்னா? தூக்கத்துக்குப் பாக்குத டாக்டர் அவரு. சுகரும் காதும் அங்கயே பாத்துக்கிடலாம்” என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் மதிக்கிற ஒருவர் கூட வந்தால் நல்லது, பழைய சங்கச் செயலாளரோ கோயில் தர்மகர்த்தாவோ. மனு ஃபைலையும் எடுத்து வரட்டும். டாக்டர் அதைப் பிரித்துப் படிப்பார். தன் பேச்சை ஒருவர் கடைசிவரை கேட்டார் என்பதற்காகவே அடுத்த தடவை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

63 வயதில் முதல் முறையாக ஒருவருக்கு இப்படி வந்தால் உடனே மனநோய் என்று எழுதிவிட மாட்டோம். தைராய்டு, பி12, சுகர், உப்பு அளவு எல்லாம் பார்ப்போம், மறதி நோயின் தொடக்கமா என்று சோதிப்போம், தேவைப்பட்டால் தலைக்கு ஸ்கேன். ஸ்டீராய்டு, நடுக்கவாத மாத்திரை போன்றவையும் இந்த மாதிரி சந்தேகத்தைக் கிளப்பும், அதனால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இன்னொன்று: வாடை சில நொடிகள் மட்டும் திடீரென்று வந்து, அந்த நேரம் ஆள் வெறித்துப் பார்த்தபடி நின்றால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். காதுக்கு மெஷின் வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பியில் மாத்திரை: கூடாது. தான் சுவாசிக்கிற காற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று நம்புகிற மனிதரின் காப்பியில் நிஜமாகவே மருந்து கலப்பது என்ன காரியம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதை அவர் ஒரு நாள் பார்ப்பார். அதோடு அவர் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும், அம்மாவும் எதிரியாகிவிடுவாள், அவள் கையால் சாப்பிடமாட்டார். இது ஒருபுறம். எழுந்திருக்கும்போது பிரஷர் குறைந்து விழுவது, கை நடுங்குவது, உடம்பு விறைப்பது, சுகர் ஏறுவது எல்லாம் மனநோய்க்குக் கொடுக்கிற இந்த மாத்திரைகளால் வரக்கூடியவை. எதனால் வருகிறது என்று தெரியாமல் அவர் இன்னொரு டாக்டரிடம் போய் அதற்கும் மாத்திரை வாங்குவார். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை பக்கவாத ஆபத்தையும் உயிராபத்தையும் கூட்டும், அதனால்தான் சோதித்துப் பார்க்காமல் நாங்களே எழுதுவதில்லை. சம்மதம் கேட்காமல் மருந்து கொடுப்பது சட்டப்படியும் சரியில்லை. அந்த மெடிக்கல் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது.

முறையாகக் கொடுத்தால் அதே மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், ஒலான்சபின், அமிசல்பிரைடு ஆகியவைதான் அதிகம் எழுதப்படுகின்றன. இந்த நோய்க்கென்று தனியாக நடந்த பெரிய ஆய்வுகள் குறைவு. மற்ற மனநோய்களில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டுதான் கொடுக்கிறோம். உங்கள் அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் எடையையும் சுகரையும் ஏற்றுகிற ஒலான்சபின் எனக்கு முதலில் தோன்றாது. இந்த வயதில் ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன் 0.5 மில்லிகிராம் போலச் சின்ன அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவோம். முதலில் தூக்கம் வரும், படபடப்பு குறையும். அதற்கு ஓரிரு வாரம். நம்பிக்கை தளர்வதற்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும்.

தளர்வதும் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. “நான் நினைச்சது தப்பு” என்று பெரும்பாலோர் சொல்லவே மாட்டார்கள். “இப்ப கொஞ்ச நாளா விடுததில்ல டாக்டரம்மா, மனு போட்டதுல பயந்துட்டான்” என்பார்கள். அன்றைக்கு அவரிடம் ‘பாத்தியளா, எல்லாம் ஒங்க மனசுலதான் இருந்துச்சு’ என்று வெற்றி கொண்டாடாதீர்கள். எம்சீலைச் சுரண்டி எடுத்துவிட்டு அவர் உள்ளே வந்து படுத்தால் போதும், அந்த அளவுக்கு நான் சிகிச்சை பலித்தது என்றே எழுதுவேன். குணம் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது மாத்திரை ஓட வேண்டும், சிலருக்கு அதற்கும் மேல். இது பழக்கமாகிவிடும் மாத்திரை இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும்.

பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. அதில் நாங்கள் அவருடைய நம்பிக்கையோடு மோதுவதில்லை. அவர் எப்போது அதிகம் பயப்படுகிறார், அந்த நேரம் என்ன செய்கிறார், வேறு விளக்கம் ஏதாவது இருக்க முடியுமா என்று அவரோடு சேர்ந்து பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் பழக்கத்தைக் குறைக்க 6 அமர்வுகள் கொடுத்தபோது, தனக்குக் கெடுதல் நடக்கிறது என்கிற மருட்சியும் சேர்ந்து குறைந்தது. அதனால் தூக்கத்தையும் கவலையையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதை வெறும் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வரமாட்டார் என்றால் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் அம்பாசமுத்திரம் பக்கம் என்றைக்கு வருகிறார் என்று அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம். எதற்குமே வரமாட்டேன் என்று நின்று, மிரட்டலும் தொடர்ந்தால் சட்டத்தில் வழி உண்டு. அவருக்கான பிரதிநிதியாகக் குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மருத்துவர் அல்லது மனநல நிபுணர் ஒருவரும் தனித்தனியே பார்த்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை உள்ளே வைத்துச் சிகிச்சை கொடுக்கலாம். அது கடைசி வழி. ஆனால் அரிவாள் தலைமாட்டைவிட்டு நகரவில்லை என்றால் அதற்குத் தயங்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைத் தனியாகப் பார்த்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் வம்புக்கு நிற்காதீர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. குழாயைத் திருப்பிவிட ஒத்துக்கொண்டால் திருப்பச் சொல்லுங்கள், அது நியாயமான வழக்கு. அதனால் புகை நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவுக்கு வாடை வருவது எனக்கு ஆச்சரியமில்லை. அடைத்த ஜன்னலுக்குள் இரண்டு வருடம் ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவருடைய பயம் இவருக்கும் தொற்றும். பெரும்பாலும் கொஞ்ச நாள் பிரிந்திருந்தாலே தெளிந்துவிடும். கோவைக்கு உங்களோடு இரண்டு வாரம் அழைத்துப் போங்கள், அந்த நாட்களில் அப்பாவோடு சித்தப்பா இருக்கட்டும். அங்கே போயும் வாடை வந்தால் அவளையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பரம்பரையாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய ரத்த உறவில் இருந்தால் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வாய்ப்பு உண்டு. ஆனாலும் இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. தங்கையின் கல்யாணத்தை நிறுத்த இதில் காரணம் எதுவுமில்லை. சம்பந்தி வீட்டாரிடம், அப்பா தூக்கத்துக்கும் மனசுக்கும் வைத்தியம் பார்க்கிறார் என்று சொல்லிவிடுவதே நல்லது. அவர்கள் ஊர் வழியாகக் கேள்விப்பட்டால் கதை வேறு மாதிரி போகும். கல்யாணம் முடியட்டும் என்று அம்மா சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொக்காரர் ஆயிற்றே, பந்தலில் முன்வரிசையில் உட்காருவார். அப்பா அவரை எதிரே வைத்துக்கொண்டு தாரை வார்க்க வேண்டும். தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இந்த வாரம் தொடங்கினால் மாத்திரைக்கு அது போதுமான காலம்.